நாற்பத்தோராம் தட்டு

அண்டாவின் மூடியைத் தூக்கியதும் சாராளின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கவளம்தான். சற்றுமுன் அடுப்பிலிருந்து இறக்கிய கோதுமைக் கஞ்சி; கரண்டி இன்னும் படவில்லை; மேலே படிந்த ஆடை ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. அந்த ஆடையின் நட்டநடுவில், ஒரு குழந்தையின் வாய் கொள்ளுகிற அளவில், யாரோ நன்றாக மென்றுவிட்டு விழுங்காமல் திரும்ப உமிழ்ந்த ஒரு உருண்டை உட்கார்ந்திருந்தது. எச்சில் அதைச் சுற்றி நூல் நூலாகப் பளபளத்தது. ஓரத்தில் பல் பதிந்த தடம்கூடத் தெரிந்தது.

சாராள் மூடியைக் கீழே வைத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஒரு சிரட்டையால் அதை அள்ளிக்கொண்டு போய்க் கொல்லைப்புறம் எறிந்தாள். ஒரு காக்கை இறங்கி வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, கொத்தாமலே பறந்து போயிற்று. காக்கைகூடத் தொடாத எச்சில் என்று நினைத்துக்கொண்டே அவள் சிரட்டையையும் அங்கேயே விட்டெறிந்தாள்.

சமையல்காரி கன்னியம்மாவைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். கன்னியம்மாவோ இருபத்திரண்டு வருஷமாக அந்த அண்டாவில் ஆக்கிப் போடுகிறவள், ருசி பார்ப்பதற்குக்கூட உள்ளங்கையில் ஊற்றித்தான் பார்ப்பவள். திட்டெல்லாம் முடியும்வரை நின்றுவிட்டு, சாப்பாட்டு அறையின் வாசற்படி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. முந்தின நாள்வரை அங்கே ஒரு தட்டு இருந்தது.

சாராள் வேப்பேரிக்காரி. தம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற வீட்டில் வளர்ந்தவள். ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிருந்தில் ஒரே திராட்சரசக் கிண்ணத்தைப் பாதிரி ஐயர் ஒவ்வொரு வாயாகக் கொண்டுவரும்போது, யாருடைய உதடும் படாத ஓரம் ஒரு நெல்லளவாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடுவாள். தேடியதற்காக ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்தது, பொன்னேரிக்கு வடக்கே நாலு மைலில், நாற்பது பெண்பிள்ளைகள் தங்கும் மிஷன் விடுதியில் மேட்ரன் வேலை. சனிக்கிழமைதோறும் நாற்பது தலைகளில் பேன் வாரினாள். விரலிடுக்கில் சீழ் வைத்த சிரங்குக்கு மருந்து பூசினாள். பூசிவிட்டுக் கார்பாலிக் சோப்பால் முழங்கை வரை தேய்த்துக் கழுவி, கையை முகர்ந்து பார்த்து, திரும்பவும் கழுவினாள்.

வேறு வழி இருக்கவில்லை. புருஷன் செத்துப்போன மறுமாதமே அவன் அண்ணன்மார் வாசலைக் காட்டிவிட்டார்கள். ஒன்பது வயது மகள் குணசுந்தரி அந்த வருஷம்தான் டைபாய்டில் கிடந்து, எலும்பும் தோலுமாக எழுந்திருந்தாள். இனிமேல் மருந்து இல்லை, வயிற்றுக்குப் போடுவதுதான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பிள்ளை சாப்பிட மாட்டாள். நாலு பருக்கையைத் தட்டில் ஊர்கோலம் விட்டுக்கொண்டிருப்பாள். மூன்று வேளைச் சோறும் ஒரு கூரையும் கிடைக்கும் என்றுதான் சாராள் இந்த வேலைக்கு வந்தாள். குணசுந்தரி தேற வேண்டும். 1966-ஆம் வருஷம் முழுக்க அவளுக்கு வேறு ஜெபமே கிடையாது.

பள்ளிக்கூடத்துக்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. ஊரார் வெல்பி ஐயர் ஸ்கூல் என்றார்கள். தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின தாது வருஷப் பஞ்சத்தில் ஆங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த வெல்பி ஐயர் ஆரணியாற்றங்கரையில் போட்ட கஞ்சிக் கொட்டகைதான் அதன் ஆரம்பம். தாய் தகப்பன் செத்துப்போன நாற்பது பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். கொட்டகை செங்கல் கட்டடமாயிற்று, பள்ளிக்கூடம் உயர்நிலைப் பள்ளியாயிற்று, மிஷன் போய் சி.எஸ்.ஐ. திருச்சபை வந்தது, விடுதியில் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் நாற்பது பேர்தான். ஒன்று கூடக் கூடாது. சாப்பாட்டு அறைச் சுவரில் நாற்பது ஆணி, நாற்பது எனாமல் தட்டு, ஒவ்வொன்றிலும் எண். வாசல் பக்கம், ஒரு சிறுபிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், இன்னொரு ஆணி. அதில் எண் இல்லாத பழைய பித்தளைத் தட்டு ஒன்று தொங்கியது.

சாப்பாட்டு மணி அடித்ததும் கன்னியம்மா முதல் கரண்டியை அந்தத் தட்டில் ஊற்றி வாசற்படி ஓரம் வைப்பாள். அதற்குப் பிறகுதான் ஸ்தோத்திர ஜெபம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், குனிந்த தலை நிமிராமல், பின்கேட்டுக்கு வெளியே கவிழ்த்துவிட்டு வருவாள். ஏன் என்று கேட்டால், கண்ணுக்குத் தெரியாத விருந்தாளியாகிய கர்த்தருக்கு என்று ஸ்தாபகர் தினத்தில் சபை குரு தாவீது ஐயர் கண் கலங்கப் பிரசங்கம் செய்வார்.

சாராளுக்கு அது முதல் நாளே பிடிக்கவில்லை. கிறிஸ்தவக் கோயிலுக்குள் வந்தும் இந்த ஜனங்கள் படையலை விடவில்லை என்று நினைத்தாள். அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற வருஷம். விடுதியில் அமெரிக்காவிலிருந்து மூட்டையாக வந்த உடைத்த கோதுமை, அதிலும் பாதி வண்டு. அதைப் புடைத்துப் பொறுக்கிக் கஞ்சி வைத்தால், முதல் கரண்டி கேட்டுக்கு வெளியே மண்ணுக்குப் போகிறது. அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை தாவீது ஐயரிடம் போய், இது விக்கிரக ஆராதனைக்கு அடுத்த வீடு என்று சொன்னாள். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற சாது மனிதர் அவர். ஆண்டவர் கோதுமைக் கஞ்சிக்குக் காத்துக்கொண்டிருக்க மாட்டார் என்று சிரித்து, நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்.

அதோடு நின்றிருக்கலாம். நாற்பது தட்டும் நாற்பது பேருக்குச் சரியாக இருந்தது. குணசுந்தரிக்குத் தட்டு இல்லை, அதுவரை மேட்ரன் அறையில் ஒரு கிண்ணத்தில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்தால் நாலு வாய் கூடப் போகும் என்று சாராள் கணக்குப் போட்டாள். பித்தளைத் தட்டை ஆணியிலிருந்து எடுத்து, புளியும் செங்கல் பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்து, கொதிக்கும் நீரில் மூன்று தரம் அலசி, மகள் கையில் கொடுத்தாள். வரிசையில் இடம் இருந்தது வாசற்படி ஓரம்தான். அங்கே உட்கார வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அண்டாவில் அந்தக் கவளம்.

அதற்குப் பிறகு தினம் வந்தது. ஒருநாள் கஞ்சியில், ஒருநாள் பால் பவுடர் கரைத்த வாளியில், ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக் குவியலுக்குள்ளே, வெளியே தெரியாமல், கரண்டி போட்டு அள்ளும்போது வெதுவெதுப்பாக. சாராள் அடுப்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அண்டாவுக்கு மேல் பாறாங்கல் வைத்தாள். கல்லை எடுத்தால் மூடி, மூடியை எடுத்தால் ஆவி, ஆவி விலகினால் கவளம். பெண்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழ ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு செண்பகம், எதற்கும் பயப்படாத மீனவர் வீட்டுப் பெண், எல்லாருக்கும் சேர்த்து எழுந்து நின்றாள்.

"மேட்ரம்மா, இத்த யாரோ துன்ட்டு துப்பின மாரி கீது. எங்களுக்கு வாணாம்."

சாராள் அவளை அதட்டி உட்கார வைத்தாள். ஆனால் அன்று இரவு அவளே ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். உப்பு இருந்தது, சூடு இருந்தது. பல்லுக்கு வேலை இருக்கவில்லை. முன்னமே வேறு பற்கள் அந்த வேலையை முடித்து வைத்திருந்தன. சுவரோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

எட்டாம் நாள் கவளம் வரவில்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. யாரோ செய்த சேட்டை, ஜெபத்தில் நின்றுவிட்டது என்று சாராள் பெருமூச்சு விட்டாள். அந்த இரண்டு நாளும் குணசுந்தரி தட்டைக் காலி செய்திருந்தாள்.

காலி என்றால் சும்மா காலி அல்ல. கஞ்சி போனது, கஞ்சியின் ஈரமும் போனது. பித்தளை முகம் தெரிய மின்னியது. "இன்னும் கொஞ்சம்மா" என்று அவள் கேட்டபோது சாராளுக்கு அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகை வந்தது. ஏழு மாதமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அந்த வார்த்தை. இரண்டாம் கரண்டி, மூன்றாம் கரண்டி. நாலாவது போட்டுவிட்டு முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னாள்.

பெண்களும் சாப்பிட்டார்கள், கஞ்சி நன்றாகவே இருந்தது. ஒன்றுதான் அவளுக்கு உறுத்தியது. குணசுந்தரிக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகிக்கொண்டே வந்தது. முதலில் ஒரு முழம், பிறகு இரண்டு முழம். பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு எதிர்ச் சுவர்ப் பக்கமே உட்கார்ந்தார்கள். ஏனென்று கேட்டால் செண்பகம் மட்டும், சத்தம் தாங்க முடியல மேட்ரம்மா என்றாள்.

மறுநாள் சாராள் மகளுக்குப் பின்னால் போய் நின்று காது கொடுத்தாள். நாற்பது பேர் சாப்பிடுகிற சலசலப்பு, தம்ளர் வைக்கிற சத்தம், ஓட்டில் விழத் தொடங்கியிருந்த மழை. அதற்கடியில், மிக அருகில், நிதானமாக, ஈரமாக, வாயை மூடத் தெரியாத ஒன்று மெல்லுகிற சத்தம். நச். நச். நச். குணசுந்தரியின் தாடை அசையவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

பிள்ளை உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லை. வயிறு பானையாக உப்பியது, கையும் காலும் இன்னும் குச்சியாயின. வாயைத் திறந்தால் குளத்தைக் கலக்கினது போல ஒரு சேற்று வாடை. பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த மூச்சு முகத்தில் படும்போது, பெற்ற மகளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமே என்று சாராளுக்கு வெட்கமாக இருந்தது. திருப்பிக்கொள்ளாமலும் இருக்க முடியவில்லை. ஒருநாள் மாலை படிப்பு நேரத்தில் அவளைக் காணாமல் தேடிப் போனாள். பின்கேட்டோரம், கன்னியம்மா இத்தனை வருஷம் தட்டைக் கவிழ்த்த இடத்தில், குணசுந்தரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில், கோதுமையிலிருந்து பொறுக்கிக் கொட்டிய வண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் ஒரு வண்டின் கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. மறு கையில் ஈர மண்.

சாராள் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள். வாயைத் துடைத்தாள், துடைத்த முந்தானையை அருவருப்போடு தூரப் பிடித்துக்கொண்டாள்.

பூச்சிதான் என்று தீர்மானித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பூச்சி. இது என்ன அதிசயம். பூச்சி மருந்து கொடுத்து, மேலே விளக்கெண்ணெயும் கொடுத்து, விடியற்காலை பீங்கான் பேசினை வைத்தாள். வந்தது பூச்சி இல்லை. பேசின் நிறைய ஆற்றுக் களிமண், கறுப்பாக, வழவழப்பாக. ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தாள். மண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று தட்டுப்பட்டது. கழுவிப் பார்த்தால், ஒரு பால்பல். முன்பல்.

குணசுந்தரிக்கு முன்வரிசைப் பால்பல்லெல்லாம் விழுந்து மூன்று வருஷமாகிறது. வேப்பேரி வீட்டுக் கூரைமேல் சாராளே தூக்கிப் போட்டாள்.

பேசினை முந்தானையால் மூடிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். கன்னியம்மா மூடியிருந்ததைத் திறந்து பார்க்கவில்லை. மண்வாடை போதுமாயிருந்தது. ஈர விறகை ஊதிக்கொண்டே, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தாது வருஷத்தில் வெல்பி ஐயருக்கு மேலிடத்திலிருந்து வந்த தானியம் நாற்பது பேருக்கு. நாற்பதாவது பிள்ளையை உள்ளே எடுத்துப் பின்கேட்டைச் சாத்தினபோது, பின்னாலேயே ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்தது. ஐந்து, ஆறு வயசு. மூன்று நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. உள்ளே மூன்று வேளையும் கஞ்சி கொதிக்கிற வாடை. ஐயர் கெட்டவர் இல்லை. ஒன்றுக்குத் திறந்தால் நூறு உள்ளே வரும் என்று பயந்துவிட்டார். நாலாம் நாள் காலையில் பார்த்தால், தொண்டை வரை மண்ணைத் திணித்துக்கொண்டு செத்துக் கிடந்தது. பசிக்கு மண்ணைத் தின்றிருக்கிறது. கன்னியம்மாவின் வம்சத்தில் ஒருத்தர்தான் குழி வெட்டினார். அன்று மத்தியானமே அண்டாவில் மென்று துப்பின கவளம். அந்தத் தட்டை முதன்முதல் வைத்தது ஐயரேதான். கர்த்தருக்கு என்று பிறகு வந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

"இத ஏன் எங்கிட்ட முன்னமே சொல்லல?" என்றாள் சாராள்.

"படையல்னு சொல்லிட்டீங்க. நான் வாய தெறந்தா பேய்க்கு வக்காலத்துன்னு ஐயரு கோயில்லயே ஏத்த மாட்டாரு." கன்னியம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அதுக்குப் பசி மட்டுந்தான் கீது மேட்ரம்மா. முழுங்கத் தொண்ட இல்ல, மண்ணு அடச்சினு கீது. துன்னும், மெல்லும், துப்பும். தனியா ஒரு தட்டு வச்சா அதோட போவும். இப்ப பத்து நாளா எங்கியும் துப்பக் காணோம். அதோட தட்டுல, அதோட எடத்துல, நீங்க யார ஒக்கார வச்சீங்க?"

சாராள் அந்த நிமிஷமே ஆணியிலிருந்து பித்தளைத் தட்டைப் பிடுங்கினாள். எந்தக் கையால் படையல் என்று தள்ளினாளோ அதே கையால் முதல் கரண்டியை ஊற்றி வாசற்படி ஓரம் வைத்தாள். சோறு வைத்தாள். மறைத்து வைத்திருந்த வெல்லத்தை உடைத்துப் போட்டாள். கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, வேறு எதனிடமோ கெஞ்சவும் செய்தாள். மறுநாள் காலையில் சோறு அப்படியே காய்ந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. ஒரு பருக்கையும் மெல்லப்படவில்லை. அதற்கு இனித் தட்டு தேவைப்படவில்லை.

தாவீது ஐயர் வந்து பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஜெபத்தின் நடுவில் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு, சீக்கிரமாகக் கிளம்பினார். சாராள் பெட்டியைக் கட்டினாள். நவம்பர் மூன்றாம் தேதி புயல் அடித்தது.

ஆரணியாறு கரை மீறியது. பொன்னேரியில் தண்டவாளத்தின்மேல் தண்ணீர், ரயில் இல்லை. ரோட்டில் இடுப்பளவு, பஸ் இல்லை. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. விடுதி வளாகத்துக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் ஐயர் பெண்களை மேட்டிலிருந்த கோயிலுக்கு அழைத்துப் போகச் சொன்னார். நாற்பது பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். குணசுந்தரியின் கையைப் பிடிக்க ஒருத்தியும் வரவில்லை. கன்னியம்மா ராந்தலோடு முன்னால் போனாள், பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு வந்து கஞ்சி அண்டாவை எடுத்துப்போவதாகச் சொல்லி. சாராள் மகளைத் தூக்கிக்கொள்ள அறைக்குப் போனாள். பாய் காலியாக இருந்தது.

குணசுந்தரி சாப்பாட்டு அறையில் இருந்தாள். வாசற்படி ஓரம், தன் இடத்தில், சம்மணம் போட்டு. படியைத் தொட்டுக்கொண்டு சேற்றுத் தண்ணீர் நின்றது. ஆணியில் மாட்டியிருந்த பித்தளைத் தட்டு அவள் எதிரில் இருந்தது. சாராள் அதை எடுத்து வைக்கவில்லை.

"அம்மா, பசிக்குது."

"கோயிலுக்குப் போயிடலாம் கண்ணு. அங்க போய்ச் சாப்பிடலாம். எழுந்திரு."

குணசுந்தரி எழுந்திருக்கவில்லை. சாராள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். எலும்புக்கூடாகப் போன பிள்ளை, அசையவில்லை. உப்பிய வயிறு தரையோடு வேர் விட்டது போலக் கனத்தது. மகளின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது. அந்தக் கண் அவளுடைய குணசுந்தரியின் கண்தான். டைபாய்டில் கிடந்தபோது தன்னைப் பார்த்த அதே கண்.

"நான் முழுங்க மட்டுந்தாம்மா செய்யறேன்," என்றாள் குழந்தை, திக்கித் திக்கி. "மெல்றது அது. சோறு வரலன்னா என்னக் கடிக்குதும்மா. உள்ள."

சாராள் ஓடிப்போய் அண்டாவை இழுத்து வந்தாள். நாற்பது பேருக்கு வைத்த கஞ்சி, ஆறிக் கெட்டியாகி, உருட்டுகிற பதத்துக்கு வந்திருந்தது. கரண்டி எங்கோ. கையை விட்டாள். தட்டில் போட்டாள், பிள்ளை தட்டைப் பார்க்கவில்லை, தாயின் கையைப் பார்த்தாள். கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து ஊட்டின கை. சாராள் ஒரு கவளம் உருட்டினாள்.

"ஆ காட்டும்மா."

வாய் திறந்தது. சேற்று வாடை முகத்தில் அடித்தது. சுவரிலிருந்த ராந்தல் வெளிச்சத்தில் பல் வரிசை தெரிந்தது, அதற்குப் பின்னால் நாக்கு. நாக்கு கீழே அமுங்கிக்கொண்டது. யாரோ அதை மிதித்தது போல. அதற்குப் பின்னால், தொண்டையின் இருட்டிலிருந்து, நாலு சிறு விரல்கள் வந்தன. நகத்தில் மண். வந்து, கவளத்தை அவள் விரலிலிருந்து வாங்கிக்கொண்டன. மரியாதையாக. பிடுங்காமல்.

உள்ளே போயின.

நச். நச். நச்.

சாராளின் கை அப்படியே நின்றது. ஓடு என்றது உடம்பு. வாசல் ஒரு எட்டில். மழைக்கு அப்பால் கோயிலில் நாற்பது குரல் சேர்ந்து பாடுவது கேட்டது.

விரல்கள் மறுபடி வந்தன. காலியாக. வாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்தன. ஒன்றும் இல்லை. மெதுவாக உள்பக்கம் திரும்பின. குணசுந்தரியின் கண் அகலமாகத் திறந்தது, சத்தம் வரவில்லை, உதட்டோரம் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது.

சாராள் கவளத்தைத் திணித்தாள்.

விரல்கள் வாங்கிக்கொண்டன. கண் மூடித் திறந்தது. நச். நச்.

அடுத்தது. உருட்டுவதற்கு நேரமில்லை, அள்ளி அள்ளிக் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சில்லென்ற விரல்கள் அவள் விரல்களை நக்கினது போலத் தொட்டுவிட்டுப் போயின. முழங்கை வரை எச்சில். முழங்கை வரை மண். கிண்ணத்தின் ஓரத்தில் நெல்லளவு சுத்தம் தேடினவள். துடைக்கவில்லை.

கன்னியம்மா வரவில்லை. படி மூழ்கியது. பாட்டு நின்றது.

அடுத்தது. அடுத்தது. அம்மா இருக்கேன் கண்ணு. இந்தா. இந்தா. மகள் தாயைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். விரல்கள் காத்திருந்தன, இப்போது இரண்டு கையும், உள்ளங்கையை ஏந்திக்கொண்டு.

சாராள் அள்ளக் குனிந்தாள். அண்டாவின் வெறும் அடி கையில் தட்டியது.